எந்த முள் நல்ல முள்?

பரங்கிப்பேட்டை என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் இடம் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் இருப்பதும் அங்கேதான். உங்கள் வயதில் நான் கோடை விடுமுறைக்கு அந்த ஊருக்குப் போவதுண்டு. அங்கே இருந்த என் மாமா மாலை வேளைகளில் முகத்துவாரத்துக்குத் தூண்டில் போடப் போவார். இறால் வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன்.

ஒரு நாள் வெள்ளம் ஏறுகிற நேரம். உயிருள்ள இறால் ஒன்றை முள்ளில் கோத்து எறிந்துவிட்டு, நைலான் நரம்பை விரலில் பிடித்தபடி நின்றிருந்தேன். நரம்பு துடித்தது. உடனே இழுக்கப் போனேன். “அவசரப்படாதடா மாப்ளே! நல்லா முழுங்கட்டும். பத்து எண்ணு. அப்புறம் சுண்டு” என்றார் மாமா. எண்ணினேன், சுண்டினேன். வந்தது ஒரு கொடுவாக் குட்டி. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. “இது ஆகாது. விட்டுடு, வளரட்டும்” என்றார்.

விடலாம்தான். ஆனால் முள் எங்கே? வாயைத் திறந்து பார்த்தால் நரம்பு மட்டும் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. இழுத்தேன், திருகினேன், மறுபடி இழுத்தேன். முள் வந்தது. கூடவே செவுளுக்கு அடியிலிருந்து இரத்தமும் வந்தது. தண்ணீரில் விட்டதும் மீன் இரண்டு முறை சுற்றியது. பிறகு வெள்ளை வயிறு மேலே தெரியும்படி மல்லாந்துவிட்டது. சற்று நேரத்தில் ஒரு பருந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

வளரட்டும் என்று விட்ட மீன் வளரவில்லை. அன்று என் கை முரடு என்று நினைத்து வருந்தினேன். பல ஆண்டுகள் கழித்துத்தான், குற்றம் கையில் இல்லை, முள்ளின் வடிவத்திலும் அந்தப் ‘பத்து எண்ணு’ என்ற பாடத்திலும் இருந்தது என்று தெரிந்துகொண்டேன். கரையில் நின்று உயிர் இரை கோத்துத் தூண்டில் போடுகிறவர்கள், எந்த முள்ளில் அதிக மீன் விழும் என்று மட்டும் பார்த்து முள் வாங்கக் கூடாது. மீன் எப்படித் தின்கிறது, தின்றபின் அந்த முள் அதன் உடலில் எந்த இடத்தில் போய் நிற்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். இதுவே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பைக் கட்டும் ஓட்டை, ஊசிக்கு இருப்பதுபோலவே, காது. அதிலிருந்து இறங்கும் நேர்க்கம்பி தண்டு. அடுத்து வளைவு, அதன் முடிவில் கூர்மையான முனை. முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிள்தான், குத்திய முள் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தண்டுக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை முள்ளின் வாய் என்று வைத்துக்கொள்வோம்.

நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஆங்கில எழுத்து ‘ஜே’ போன்ற முள். இதில் முனை தண்டுக்கு இணையாக மேல்நோக்கி நிற்கும். அதாவது, நரம்பை எந்தத் திசையில் இழுக்கிறோமோ அந்தத் திசையையே முனையும் பார்த்துக்கொண்டிருக்கும். இழுத்தால் முதலில் எது எதிர்ப்படுகிறதோ அதில் குத்தும். உதடாக இருந்தால் உதட்டில்; இரைப்பையாக இருந்தால் இரைப்பையில். முள்ளுக்கு வேறுபாடு தெரியாது.

இனி மீனின் பக்கம் வருவோம். கொடுவா தன் இரையைக் கடித்துத் தின்பதில்லை. பதுங்கியிருந்து, இரை அருகில் வந்ததும் வாயையும் செவுள் மூடிகளையும் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் விரிக்கிறது. வாயின் உள்ளிடம் திடீரென்று பெருகுவதால் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள தண்ணீர் அங்கே பாய்கிறது. தண்ணீரோடு இரையும் போய்விடுகிறது. ஊசிக்குழலில் மருந்தை உறிஞ்சும்போது நடப்பதும் இதுதான். இரை சிறு மீனாக இருந்தால், அதன் துடுப்பு முட்கள் தொண்டையில் சிக்காமல் இருக்கப் பெரும்பாலும் தலைப்பக்கமாகவே விழுங்கும். நாம் முள்ளைக் கோப்பது எங்கே? இரை மீனின் மூக்கில்! ஆகவே முள்தான் முதலில் தொண்டைக்குள் போகிறது.

இரை உயிரோடிருந்தால் இன்னொரு சங்கடம். உலோகத்தில் செய்த போலி இரையைக் கவ்விய மீன், ஏமாந்தோம் என்று உடனே துப்பிவிடும். துப்புவதற்குள் குத்தினால் முள் வாயில் மாட்டும். ஆனால் உயிருள்ள இறாலையோ மடவைக் குஞ்சையோ அது ஏன் துப்பப் போகிறது? தயக்கமின்றி விழுங்குகிறது. நாமும் பத்து எண்ணி அதற்கு நேரம் கொடுக்கிறோம். மீனின் இதயம் இருப்பது எங்கே தெரியுமா? நம்மைப்போல மார்பின் நடுவில் இல்லை; செவுள்களுக்குச் சற்றுப் பின்னால், தொண்டைக்கு அடியிலேயே இருக்கிறது. அதையடுத்து ஈரல். ‘ஜே’ முள்ளைச் சுண்டி இழுக்கும் இடமோ இவற்றிலிருந்து விரற்கடை தூரம்தான்.

வட்ட முள்

வட்ட முள் என்று ஒன்று உண்டு. முதன்முறை பார்ப்பவர்கள், செய்யும்போது தவறு நேர்ந்த முள் என்றே நினைப்பார்கள். வளைவு ஏறக்குறைய வட்டமாகவே சுற்றி வந்து, முனை தண்டை நோக்கிச் செங்குத்தாகத் திரும்பியிருக்கும். ‘இது எதைக் குத்தும்?’ என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதன் திறமையே குத்தாமல் இருப்பதில்தான் இருக்கிறது. விழுங்கிய மீன் விலகி நீந்துகிறது, நரம்பு இறுகுகிறது. முனை தண்டைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தொண்டைச் சதையில் பதியாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. வாய் விளிம்பை அடைந்ததும் காதும் தண்டும் வெளியே வந்துவிடுகின்றன. வளைவு மட்டும் உள்ளே இருக்கிறது. மீன் பக்கவாட்டில் திரும்பி ஓடுவதால் நரம்பு காதைப் பக்கமாக இழுக்கிறது. தாடை விளிம்பு ஆதாரப் புள்ளியாகிவிட, பூட்டில் சாவி சுழல்வதுபோல முள் சுழல்கிறது. முனை தாடையைச் சுற்றி வந்து கடைவாயில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் பௌதிகப் பாடத்தில் திருப்புத்திறன் என்று படித்தீர்களே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. விசையைத் தருவது ஓடுகிற மீன், நாம் அல்ல.

எனவே வட்ட முள்ளைப் போட்டுவிட்டுச் சுண்டக் கூடாது. சுண்டினால் முள் சுழல நேரமின்றி வாயிலிருந்து அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். நரம்பின் தொய்வை மெல்ல எடுத்து, இறுக்கமாக வைத்துக்கொண்டால் போதும். மீன் நேராக நம்மை நோக்கியே நீந்தி வந்தால் இந்தச் சுழற்சி நிகழாது என்பதையும் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நம்பிக்கை இல்லையா? வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு பழைய காலுறை, கை வளையல் ஒன்று, கொஞ்சம் கட்டுக்கம்பி போதும். காலுறையின் வாய்க்குள் வளையலை வைத்துத் தைத்துவிடுங்கள். வளையல்தான் தாடை, காலுறை தொண்டை. கட்டுக்கம்பியை வளைத்து ‘ஜே’ முள் ஒன்றும் வட்ட முள் ஒன்றும் செய்யுங்கள். முனையைத் தீட்ட வேண்டாம். வெட்டிய கம்பியின் முனையே போதும். ஒவ்வொன்றிலும் நூலைக் கட்டி, காலுறையின் அடிவரை இறக்கிவிட்டு, தங்கையை வாய்ப்பக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூலை மெதுவாக இழுத்து, முள் வாயருகே வந்ததும் சற்றுப் பக்கமாகத் திருப்பி இழுங்கள். ஒவ்வொரு முள்ளையும் இருபது தடவை இழுத்து, எத்தனை தடவை துணியில் மாட்டியது, எத்தனை தடவை வளையலில் மாட்டியது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே வெடுக்கென்று சுண்டியும் செய்து பாருங்கள். எண்கள் மாறும்.

இது ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பசிபிக் தீவு மக்கள் எலும்பிலும் சிப்பியிலும், முனை உள்நோக்கித் திரும்பிய சுழல் முட்களைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். ஜப்பானின் ஓகினாவாத் தீவிலுள்ள சக்கிடாரிக் குகையில், கடற்சிப்பியைத் தேய்த்துச் செய்த தூண்டில் முட்கள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறக்குறைய 23,000 ஆண்டுகள் என்று 2016இல் அறிவித்தார்கள். அவையும் பிறைபோல உள்நோக்கி வளைந்தவையே. சிப்பியில் நீண்ட தண்டு வைத்தால் ஒடிந்துவிடும். வளைவாகத் தேய்த்தால்தான் நிற்கும். பொருளின் குணத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்த வடிவம் மீனின் தாடைக்கும் பொருந்திவிட்டது போலும். இரும்புக் கம்பியை விரும்பியபடி வளைக்கக் கற்ற பிறகு நாம் ‘ஜே’ முள்ளுக்குப் போய்விட்டோம்.

வட்ட முள்ளை மறுபடி பெரிய அளவில் கையில் எடுத்தவர்கள் வடபசிபிக்கின் ஹாலிபட் மீன்பிடிப்போர். 1980களின் தொடக்கத்தில், நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைக் கட்டிக் கடலடியில் போடும் அமெரிக்க, கனடா நாட்டு மீனவர்கள் வட்ட முள்ளுக்கு மாறினார்கள். மீனிடம் இரக்கப்பட்டு அல்ல. கூடுதலாக மீன் சிக்கியது, அவ்வளவுதான். கடலடியில் கிடக்கும் கயிற்றைச் சுண்டுவதற்கு அங்கே யாரும் இல்லை அல்லவா? மீன் தானே மாட்டிக்கொள்ளும் முள்தான் அங்கே வேண்டும். பிறகு 2004இல் அட்லாண்டிக் கடலில் இப்படிக் கயிறு விடும் தன் நாட்டுப் படகுகளுக்குப் பெரிய வட்ட முள்ளையே அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. இம்முறை காரணம் வேறு: முள்ளை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்த கடல் ஆமைகள்.

கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்களுக்கு நெருக்கமான சான்று ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மணலில் நின்றும் பாறையில் நின்றும், உயிருள்ள விலாங்கையோ, மத்திக்கு உறவான மென்ஹேடன் மீனையோ கோத்து இதைப் பிடிப்பார்கள். குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்டதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டோம், பிழைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் விடப்படும் மீன்களில் சராசரியாக நூற்றுக்கு ஒன்பது செத்துப்போகின்றன என்றே அங்குள்ள விஞ்ஞானிகள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதுதானே என்கிறீர்களா? மூன்று கோடி மீன்களைப் பிடித்து விட்டால், சாவது 27 இலட்சம்! பொழுதுபோக்குக்காகப் பிடித்து விடப்படும் மீன்கள் அங்கே உண்மையிலேயே கோடிக் கணக்கில்தான். ஆகவே 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, அந்த மீனுக்கு இரை கோத்துத் தூண்டில் போடும் பொழுதுபோக்காளர்கள் வட்ட முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அக்கரை மாநிலங்கள் விதி செய்தன. அதுவும் பக்கவாட்டில் சாயாத வட்ட முள்.

அந்தக் கடைசிச் சொற்றொடரைக் கவனியுங்கள். முள்ளை மேசைமேல் படுக்க வையுங்கள். தண்டும் முனையும் ஒரே தளத்தில் படிந்தால் அது சாயாத முள். முனை மட்டும் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றால் சாய்ந்த முள். சில கடைகளில் வட்ட முள் என்று கொடுப்பது இப்படிச் சாய்ந்ததாகவே இருக்கும். முனை அதிகமாகச் சாய்ந்துவிட்டால் அது மறுபடி தொண்டைச் சதையைத் தேடும். வட்ட வடிவத்தால் வந்த நன்மை போய்விடும். மயில்மீனை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது: மிகச் சாய்ந்த வட்ட முள் தொண்டையில் மாட்டுவதில் ‘ஜே’ முள்ளுக்குச் சற்றும் இளைக்கவில்லை. எனவே முள் வாங்கும்போது மேசையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

குக், சஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள், பல்வேறு மீன்களில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து 2004இல் ஒரு முடிவு சொன்னார்கள். வட்ட முள்ளில் பிடித்து விட்ட மீன்களின் சாவு, ‘ஜே’ முள்ளில் பிடித்து விட்டவற்றைப்போல் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் எல்லா மீன்களுக்கும் ஒரே மாதிரி அல்ல என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சில இனங்களில் பலன் மிகுதி, சிலவற்றில் சொற்பம், ஒன்றிரண்டில் கண்ணில் மாட்டித் தொல்லை. விஞ்ஞானம் இப்படித்தான் பேசும். ‘எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து’ என்று அது சொன்னால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

நானும் எல்லா மீனுக்கும் வட்ட முள் என்று சொல்ல வரவில்லை. கிழங்கானை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வாய், மணலைக் கிளறிப் புழு தின்னும் மீன். உயிருள்ள கடற்புழுவைக் கோப்பதற்கு நீண்ட தண்டுள்ள மெல்லிய சிறு முள்ளே ஏற்றது. புழுவைத் தண்டு நெடுகக் கோக்கலாம். சிறு வாயிலிருந்து கழற்றுவதற்கும் தண்டு பிடியாக உதவும். சீலாவோ வேறு வகை. கத்திபோன்ற பல்லால் இரை மீனின் வால்பக்கத்தை வெட்டிவிட்டுப் பிறகுதான் மீதியைத் தேடி வரும். வெட்டித் தின்கிற மீனுக்கு, விழுங்கும்போது மட்டும் வேலை செய்கிற முள்ளால் என்ன பயன்? அங்கே கம்பி நரம்பும் ‘ஜே’ முள்ளும்தான். ஆனால் கொடுவா, களவா, பாறை போன்று இரையை முழுசாக உறிஞ்சி விழுங்குகிற மீன்களுக்கு உயிர் இரை கோக்கும்போது, சாயாத வட்ட முள் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

மும்முள் என்று மூன்று முனைகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்ததும் கடைகளில் உண்டு. உயிர் இரையில் அதைக் கோப்பதை நான் எதிர்க்கிறேன். ஒரு முனை தொண்டையில் மாட்டினாலே பாடு. மூன்று முனை மாட்டினால் மீனும் பிழைக்காது, கழற்றுகிறவர் விரலும் பிழைக்காது. அறுந்துபோய்க் கரையில் கிடந்தால் வெறுங்காலில் நடக்கிற குழந்தைகளின் கதி என்ன?

இரை உயிரோடிருக்க

முள்ளின் வடிவம் ஒருபுறம். அதன் கம்பி எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. இங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு கம்பிகள். ஒன்றின் விட்டம் மற்றதைப்போல் இரு மடங்கு. எடை எத்தனை மடங்கு? குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே நான்கு மடங்கு. வளைந்துகொடுக்காமல் தாங்கும் வலிமையோ விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. ஆகவே எட்டு மடங்கு. தடித்த முள்ளை வாங்கினால் வலிமை எடையைவிட வேகமாகக் கூடுகிறது. அப்படியென்றால் தடித்த முள்ளே இலாபம்தானே என்று அவசரப்பட்டுவிடாதீர்கள். அந்த நான்கு மடங்கு எடையைச் சுமப்பது யார்? ஒரு விரல் நீள இறால்! சுமை தாங்காமல் சற்று நேரத்தில் சோர்ந்து தரையில் படுத்துவிடும். பிறகு அது உயிர் இரையா, செத்த இரையா? எனவே இறாலுக்கு மெல்லிய கம்பி. உள்ளங்கை நீள மடவைக்குச் சற்றுத் தடித்த கம்பி.

கோக்கும் இடமும் முக்கியம். இறாலின் தலை ஓடு ஒளி ஊடுருவக்கூடியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கரும்பகுதி தெரியும். உயிர்நிலையான உறுப்புகள் அங்கேதான். அதைத் தொடாமல், கொம்புக்கு அடியில் ஓட்டை மட்டும் குத்தினால் இறால் நெடுநேரம் நீந்தும். மடவையை மேலுதட்டிலோ, முதுகுத் துடுப்பை ஒட்டி முதுகெலும்புக்கு மேலாகவோ கோக்கலாம். எதுவானாலும் முள்ளின் வாயை இரையால் அடைத்துவிடக் கூடாது. வட்ட முள் சுழன்று தாடையைப் பிடிக்க அந்த இடைவெளி திறந்திருக்க வேண்டும். இடைவெளி அடைபட்டால் முள் சுழன்றும் பயனில்லை, மீன் போய்விடும். பழி வட்ட முள்ளின்மேல் விழும்.

எந்த எண் முள் வாங்குவது? கொடுவாவுக்கு 5/0 அளவை ஒட்டியவை என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 1, 2, 4 என்று எண் ஏற ஏற முள் சிறிதாகும்; 1/0, 2/0 என்று ஏறினால் பெரிதாகும். இந்த விந்தைக் கணக்கு போதாதென்று, ஒரு கம்பெனியின் 5/0 இன்னொரு கம்பெனியின் 5/0 அளவில் இருப்பதில்லை. வட்ட முள்ளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். உலகம் முழுவதும் திருகாணிக்கு ஓர் அளவு வைத்த மனிதன் தூண்டில் முள்ளை மட்டும் ஏன் இப்படி விட்டுவைத்தானோ! அளவுகோலை எடுத்து முள்ளின் வாயை மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். நீங்கள் பிடிக்க நினைக்கும் மீனின் கடைவாய்த் தாடையைவிட அது அகலமாக இருக்க வேண்டும். சந்தையில் மீன் வாங்கும்போது தாடையைத் தொட்டுப் பார்த்தால் கணக்கு பிடிபட்டுவிடும்.

இனி, உங்களில் சிலர் கேட்கக் காத்திருக்கும் கேள்வி. ‘மீனைப் பிடிப்பதே தின்பதற்கு. தொண்டையில் மாட்டினால் என்ன, கடைவாயில் மாட்டினால் என்ன?’ நியாயமான கேள்விதான். தூண்டிலையே நம்பிக் குடும்பம் நடத்துகிற மீனவருக்கு நான் பாடம் சொல்ல வரவில்லை. தூண்டிலைவிட மடிவலை எத்தனையோ மடங்கு குஞ்சுகளை வாரிவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கரையில் நிற்கிற யாரும், இன்ன மீன்தான் வர வேண்டும் என்று முள்ளுக்கு உத்தரவிட முடியாது. சாண் நீளக் கொடுவாவும் வரும். வேண்டாத கெளுத்தியும் வரும். ஜனவரி முதல் முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையும் சில வேளை இரையைக் கடிக்கும். விட வேண்டியவை என்று சில எப்போதும் இருக்கும். அவற்றை உயிரோடு விட முடியுமா என்பதை, இரையை எறிவதற்கு முன்பே, முள்ளைக் கட்டும்போதே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

கொடுவாவில் இது இன்னும் கூர்மையான விஷயம். ஏன் தெரியுமா? கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, பெரிதாக வளர்ந்த பின்னரே பெண்ணாக மாறுகிறது! ஆறு, ஏரி என்று நன்னீரில் திரிந்தாலும் முட்டையிட முகத்துவாரத்து உப்பு நீருக்கே வந்தாக வேண்டும். வளர்ந்த ஒரு பெண் மீன் கோடிக் கணக்கில் முட்டையிட வல்லது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997இல் இதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள் என்பது உண்மைதான். என்றாலும் ஆற்று வாயில் நாம் பிடிக்கும் கொடுவாவுக்கு ஆற்று வாய்தான் பிரசவ அறை. ஒரு சாண் குட்டி தொண்டை கிழிந்து செத்தால், தாயாகும் வயதை எட்டாமலே ஒரு தாய் போய்விடுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது பருந்து தூக்கிக்கொண்டு போனது அதைத்தான்.

தொண்டையில் மாட்டிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட்ட முள்ளிலும் சில வேளை அப்படி நேரும். பிடுங்காதீர்கள். விடப்போகிற மீனாக இருந்தால், வாயை ஒட்டி நரம்பை வெட்டிவிட்டு முள்ளோடு விட்டுவிடுங்கள். பிடுங்குவதைவிட அப்படி விடுவதில்தான் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பல மீன்கள் நாளடைவில் முள்ளைக் கழித்தும் விடுகின்றன. இதனால்தான் துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம் என்பேன். சாதாரண இரும்பு முள் உப்புநீரில் அரித்துப் போகும், எஃகு முள் நெடுநாள் கிடக்கும். பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். செதிளைக் குறடால் நசுக்கிவிடுவதும் நல்லதே. நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொண்டால் செதிள் இல்லாமலும் வட்ட முள் கடைவாயில் நிற்கும். உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமாவைப் பார்க்கப் போனபோது ஒரு பொட்டலம் வட்ட முள் வாங்கிப் போனேன். மறுநாளே திருப்பிக் கொடுத்தார். “நாலு மீன் தொட்டுச்சு, நாலும் நழுவிடுச்சு. இது தூண்டி முள்ளாடா, காதுல போடுற வளையமா?”

“சுண்டினீங்களா மாமா?”

“சுண்டாம எப்படிடா மீன் புடிக்கிறது!”

ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை வாயால் சொல்லி மாற்ற முடியுமா? அன்று மாலை முகத்துவாரத்தில், இறாலைக் கோத்து எறிந்துவிட்டு, நரம்பைக் கையில் கொடுக்காமல் மணலில் அடித்த முளைக்குச்சியில் கட்டினேன். தொய்வை மட்டும் எடுத்துவிட்டேன். “குச்சிக்குச் சுண்டத் தெரியாது, பார்க்கலாம்” என்றேன். மாமா பதில் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளம் பாதி ஏறியபோது குச்சி ஆடியது. அவர் கை தன்னையறியாமல் நரம்புக்குப் போயிற்று; பிடித்துக்கொண்டேன். குச்சி வளைந்தது, வளைந்தபடியே நின்றது. இழுத்துக் கரையேற்றினோம். முழங்கை நீளக் கொடுவா. முள் கடைவாயில், வெளியே தெரியும்படி மாட்டியிருந்தது.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது அவருடைய தகரப் பெட்டியில் வட்ட முள்ளுக்கென்று தனியாக ஓர் அறை இருக்கிறது. இறால் கோக்கும்போது மட்டும் அதைத் திறக்கிறார். சீலாவுக்கு இன்றும் பழைய முள்தான்.